இமையில் இறங்கிய ஆத்தா

என் மகள் பிறந்தபோது அவள் முகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்வதற்கென்றே வந்த உறவினர்கள் சிலர் ஏமாந்து திரும்பினார்கள். மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டு, எனக்கென்று ஒரு காது மடலை மட்டும் விட்டுவைத்தார்கள். சில வாரங்கள் கழித்து அவளுடைய வலது கண்ணின் மேலிமையில் கொசு கடித்த தடம் போல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதில் யாரும் பங்கு கேட்கவில்லை. அது முழுக்க என்னால் வந்தது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அப்போது நாங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தோம். பாதி வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிகள் இருந்தார்கள். மீதி வீடுகளில், அடுத்த வருஷம் டவுனுக்குப் போய்விடுவோம் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்த எங்களைப் போன்ற குடும்பங்கள். நான் சிரம்பான் டவுனை ஒட்டிய ராசாவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் செய்துகொண்டு டவுனிலிருந்து தோட்டத்துக்குக் குடிபோன பெண் அந்தக் காலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்ற பெண்கள் எல்லாரும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

புள்ளிக்குக் காரணம் சொல்ல லயமே திரண்டு வந்தது. கிரகணத்தன்று நான் வெளியே போயிருப்பேன் என்றார் ஒருவர். அந்த வருஷம் கிரகணம் வந்ததா என்பதே எனக்குத் தெரியாது. கத்தியால் மாங்காய் வெட்டியிருப்பேன் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் எனக்காகப் பரிந்து பேசினார்.

"அவளச் சொல்லாதீங்கலா. மாசமா இருக்கும்போது ரம்புத்தான் பழம் கேட்டிருப்பா, இவ புருஷன் வாங்கித் தந்திருக்க மாட்டான். அதான் புள்ள மூஞ்சில வந்துருச்சு."

மாசமாக இருந்தபோது நான் ஆசைப்பட்டது ஒரு தனி வீட்டுக்கு. அந்த ஆசையும்தான் நிறைவேறவில்லை. அக்கா சொன்ன கணக்குப்படி என் மகளின் முகத்தில் கதவும் ஜன்னலும் அல்லவா முளைத்திருக்க வேண்டும்.

புள்ளி வளர்ந்தது. முதலில் மிளகளவு, பிறகு கொண்டைக்கடலை, அப்புறம் எனக்கு அளவு சொல்ல மனம் வரவில்லை. நன்றாகச் சிவந்து, மெத்தென்று உப்பி, இமையைக் கீழே அழுத்திக்கொண்டு வந்தது. அவள் அழுதால் அது இன்னும் சிவக்கும். கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்த அதே வாரத்தில்தான் என் மாமனார் அதை உற்றுப் பார்த்தார்.

என் மாமனார் தொழிலாளிகளை மேற்பார்க்கும் மண்டோராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தலைவர். எறும்புக்கும் தீங்கு நினைக்க மாட்டார். ஆனால் அந்த வருஷம் அவருக்கு ஒரு பெரிய கவலை. தோட்டம் கைமாறி, வீடமைப்புக்காரர்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கமிட்டி கூடிக் கூடிப் பேசியும் காப்பியும் பிஸ்கட்டும் தீர்ந்தனவே தவிர வழி பிறக்கவில்லை. அந்த நேரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்தவர் பேத்தியைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"இது கட்டி இல்லம்மா. ஆத்தா. நம்ம கோயில விட்டுப் போவ மாட்டேன்னு வந்து ஒக்காந்திருக்கா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அது அன்று அவருக்கு நடந்தது. பால் என் மகளின் கண் என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

எங்களில் அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், கவுச்சி சமைக்க மாட்டார்கள், முக்கியமாக மருந்து கொடுக்க மாட்டார்கள். வந்தவள் தானாக இறங்கும் வரை விருந்தாளியாக நடத்த வேண்டும். அம்மைக்கு இது எப்படியோ ஒத்துப்போய்விடும், ஏனென்றால் அது பெரும்பாலும் தானே இறங்கிவிடுகிற நோய். என் மாமனார் அந்தச் சட்டத்தை அப்படியே கட்டிக்கும் நீட்டினார். மறுநாள் விடிந்தபோது எங்கள் வாசலில் வேப்பிலை தொங்கியது.

சாமி பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செண்டாயானிலிருந்து காரில் வந்தார்கள், லுக்குட்டிலிருந்து மோட்டாரில் வந்தார்கள். என் மகள் கைகால் உதைத்தால் ஆசீர்வாதம். அழுதால் எச்சரிக்கை. ஒருவர் கட்டியை வெகு பக்கத்தில் பார்த்துவிட்டு, அதில் நாலு நம்பர் தெரிகிறது என்று சொல்லி அவசரமாக லாட்டரிக் கடைக்கு ஓடினார். அவருக்கு அடிக்கவில்லை. அதற்கும் நான்தான் காரணம். எங்கள் வீட்டில் நெத்திலி வறுத்த வாசம் வந்ததாம்.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போவார். மலைச் சாலையில் எந்த லாரியையும் ஓட்டுவார். அப்பாவிடம் மட்டும் அவருக்கு ரிவர்ஸ் கியர்தான் விழும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றார்.

நான் கேட்கவில்லை. ராசாவில் என் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிரம்பானில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பரிசோதித்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் அவர்கள் தோட்டத்து ஆபீசில் கிராணிகளாக, அதாவது கணக்குப்பிள்ளைகளாக உட்கார்ந்து, வேலைக்கு வந்த எங்கள் தாத்தாக்களுக்குப் பேர் போட்டவர்கள். அவர் தமிழைத் தேடித் தேடிப் பேசினார், கிடைக்காத இடத்தில் ஆங்கிலத்தில் முடித்துக்கொண்டார். கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் நல்ல செய்தியைச் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ. இது கான்சர் இல்லை. ரத்தக் குழாய்கள் சேர்ந்து வளர்ற கட்டி. உடம்பில வேற எங்கயாவது வந்திருந்தா நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டே இருந்திருப்பம், சில வருஷத்தில தானாப் போயிடும். இமையில இப்பிடி வாறது அரிது. இங்க வந்தா காத்திருக்க ஏலாது."

"ஏன் டாக்டர்? அதான் தானா போயிரும்ன்னீங்களே?"

"கட்டி போயிடும். ஆனா அதுக்கிடையில கண் பார்க்கப் பழகாமப் போயிடும். மூடிக்கிடக்கிற கண்ணை மூளை மறந்திடும். பிறகு கட்டி போனாலும் பார்வை வராது."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். மகளின் வலது கண்ணைக் கையால் மறைத்தார். அவள் பாட்டுக்கு விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்து இடது கண்ணை மறைத்தார். உடனே சிணுங்கி, தலையை அசைத்து, அந்தக் கையைத் தள்ளப் பார்த்தாள். இடது கண்ணை மூடினால் அவளுக்கு உலகம் போய்விடுகிறது. வலது கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

தீங்கில்லாத கட்டி, ஆனால் உட்கார்ந்த இடம் தீங்கு. இதைக் கேட்டதும் எனக்கு என் மாமனார் ஞாபகம்தான் வந்தது. தனியாக இருந்தால் அவரைப் போல ஒரு சாது கிடையாது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் வினை.

மருந்தைத் தொடங்க எங்களை வார்டில் படுக்க வைத்தார்கள், அதனால் விஷயம் வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அது பெரியவர்களுக்கு நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கக் கொடுக்கிற மருந்தாம். குழந்தைகளுக்குக் கொடுத்தால் இந்தக் கட்டி சுருங்குகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்கிவிடக் கூடாதே என்று குதிகாலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள், நெஞ்சுத் துடிப்பை எண்ணினார்கள். காலையும் மாலையும், பால் குடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும். மற்றபடி, ஒரு வயது தாண்டி நாங்கள் சொல்லும் வரை நீங்களாக நிறுத்தவே கூடாது என்று நர்ஸ் மலாயில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொல்லி அனுப்பினார்.

மருந்து வேலை செய்தது. முதலில் அந்த ரத்தச் சிவப்பு மங்கியது, பிறகு கட்டி தளர்ந்தது, இமை மெல்ல மேலே ஏறியது. ஒருநாள் பால் குடித்துக்கொண்டே என்னை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். என் மாமனாரும் வருத்தப்பட்டார், ஆனால் காரணம் வேறு.

"ஆத்தா வெளுத்துப் போறாளேம்மா."

"அது மருந்து மாமா. நல்லாத்தான் ஆவுது."

"மருந்து குடுக்குறது நீ. வெளுக்குறது ஆத்தா," என்றார்.

கோயில் திருவிழா நெருங்கியது. சட்டமன்ற உறுப்பினர், எங்கள் வாயில் ஒய்பி, நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கோயில் ஏன் இடம் பெயரக் கூடாது என்பதற்கு என் மாமனாரிடம் இருந்த ஒரே சாட்சி என் மகளின் இமை. சாட்சி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. அதே சமயம் என் பிரசவ விடுப்பும் முடிந்தது. செண்டாயான் தொழிற்சாலைக்கு விடியற்காலை வேனில் போய், ஓவர்டைம் முடித்து இருட்டின பிறகு திரும்பினேன். இரண்டு வேளை மருந்தும் என் கணவர் பொறுப்பாயிற்று. அவரும் அதற்கேற்ற மாதிரி ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அவர் மேல் மிகுந்த பிரியம் வந்ததென்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோயிலில் காப்புக் கட்டினார்கள். அதற்குப் பிறகு கட்டி மறுபடி சிவக்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

"மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேன்லா. வெயிலு. வேற ஒன்னும் இல்ல."

திருவிழாவன்று பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி, மைக் வைத்திருந்தார்கள். நான் சாப்பாட்டு வரிசையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒய்பி, எல்லா ஒய்பிகளையும் போல, தாமதமாக வந்து சீக்கிரம் போக வேண்டும் என்றார். மாலை மரியாதையெல்லாம் முடிந்ததும் என் மாமனார் மேடையேறினார். கையில் என் மகள். பட்டுப் பாவாடை கட்டி, கட்டியைச் சுற்றி மஞ்சள் பூசியிருந்தார்கள். அவளைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் மைக்கில் பேசினார்.

"ஒய்பி, நல்லாப் பாருங்க. ஆஸ்பத்திரி மருந்து குடுத்து ஆத்தாவ வெரட்டப் பாத்தாங்க. காப்பு கட்டுன நாள்லேர்ந்து நாங்க ஒரு சொட்டு குடுக்கல. எம் மகன்தான் நிறுத்துனான். இப்ப பாருங்க, செவந்து திரும்ப வந்து எறங்கிட்டா. இவ இங்கேர்ந்து போவ மாட்டா."

கூட்டம் கை தட்டியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் வீட்டில் பூசாரி என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். நான் என் கணவரைத் தேடினேன். அவர் மேடைக்குக் கீழே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் சாம்பார்க் கரண்டியோடு மேடையேறினேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

"புள்ளயக் குடுங்க மாமா."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது தோட்டம் முழுக்கக் கேட்டது.

"இரும்மா, ஒய்பி படம் எடுக்கணும்."

"அவ கண்ணு மூடிக்கிட்டு வருது. குடுங்க."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உடம்பு ஆடியது. சாம்பார் ஊற்றும்போதே கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்திருந்தது. அது வெறும் கோபம். பெற்றவளுக்கு வருகிற சாதாரணக் கோபம். ஆனால் முன் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ என் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். உறுமி மேளக்காரர் சுறுசுறுப்பாக அடிக்க ஆரம்பித்தார். கோயில் பூசாரி விபூதித் தட்டோடு என் முன்னால் வந்து பணிவாகக் கேட்டார்.

"யாரு தாயி வந்திருக்கறது?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் மருமகள் சொன்ன ஒரு சொல்லையும் இவர்கள் காதில் வாங்கியதில்லை. இப்போது காது கொடுக்கிறார்கள். யார் வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இல்லை என்று மறுக்கவும் நான் முட்டாள் இல்லை.

"அந்தப் புள்ளய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்," என்றேன். "மருந்த நிறுத்துனவன் எவனோ, அவனே காரை எடுக்கணும்."

என் மாமனார் குனிந்து, இரண்டு கையாலும் பிள்ளையை என்னிடம் நீட்டினார். என் கணவர் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினார். ஒய்பி சமயோசிதமான மனிதர். என்னையும் பிள்ளையையும் கரண்டியையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் வழி விட்டார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கட்டியைப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டார். "அப்பா சொன்னாரு," என்றார் அவர். ஒரு பிள்ளைக்கு அப்பாவான ஆள் சொன்ன பதில் இது. டாக்டரம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. கணவரை விட்டுப் பிரிந்துவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். விடவில்லை. ஆனால் மருந்து பாட்டில் அதன் பிறகு வேலைக்கும் என் கைப்பையிலேயே வந்தது. ராசாவில் அம்மா வீட்டில் பிள்ளையை விட்டு, என் கையால் கொடுத்துவிட்டுத்தான் வேன் ஏறினேன்.

கோயிலை மாற்றத்தான் செய்தார்கள். செண்டாயான் ஓரத்தில், வீடமைப்பின் கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். போக மாட்டேன் என்று சொன்ன ஆத்தா, ஒய்பி வந்து அடிக்கல் நாட்டியதும் சத்தம் போடாமல் போய்விட்டாள். என் மாமனாரே தாம்பாளத்தோடு முன்னால் நடந்தார். லயமும் இடிபட்டது. அவர் எங்களோடு ராசா வாடகை வீட்டுக்கு வந்தார். வருகிறவர்களிடம் எல்லாம், மருமகள் மேல் ஆத்தா இறங்கித் தன் வாயாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன கதையைச் சொல்வார். அவர் கதையில் மருந்தை நிறுத்தியவர் யாரும் கிடையாது. இன்றைக்கும் சில பெண்கள் என்னிடம் குறி கேட்கிறார்கள். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்போது மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். கட்டி போய்விட்டது. இமையில் கொஞ்சம் தளர்ந்த தோல், உற்றுப் பார்த்தால் தெரிகிற ஒரு இளஞ்சிவப்பு. கண்தான் முழுதாகத் திரும்பவில்லை. வலது கண்ணுக்கு வேலை கொடுப்பதற்காக, நன்றாகத் தெரிகிற இடது கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி வைக்கிறோம். அந்த நேரம் முழுக்க அவள் மங்கலான ஒரு கண்ணோடு வீட்டுக்குள் நடமாட வேண்டும். மருந்து நின்ற அந்த நாட்களால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்பிடிச் சொல்ல ஏலாது," என்றார். அவரால் முடியாது. நான் சொல்லிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் என் மாமனாருக்குக் கண்ணில் புரை என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகவில்லை. காப்புக் கட்டவில்லை. கிடைத்த முதல் தேதியிலேயே போய்ப் படுத்து அறுத்துக்கொண்டு, பெரிய வெள்ளைக் கட்டோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து சொட்டு மருந்து போடணும்மா. ஒரு வேளகூட விடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. நீயே போட்டுடு."

"ஏன், உங்க மகன் வீட்லதான இருக்காரு?"

"அவன நம்ப முடியாதும்மா. மறந்துருவான்."

அவர் கேலி செய்யவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. சரி மாமா, போடுகிறேன் என்றேன், ஏனென்றால் அந்த வீட்டில் நான் போட்டால்தான் அது கண்ணுக்குள் விழும்.

அப்போது மகள் அவருக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். இடது கண்ணில் ஒட்டு. ஒரு கையில் கோப்பை, மறு கையால் நாற்காலியின் முதுகு, மேசை விளிம்பு, சோபாக் கை என்று தடவித் தடவி வந்தாள். அவர் தன் ஒற்றைக் கண்ணால் அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையை அவர் கைக்குப் பக்கத்தில், காற்றில் நீட்டினாள். அவர் கையை நகர்த்தி வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பாக்கு எப்பம்மா இத எடுப்பாங்க?"

"தெரியல மாமா," என்றேன். "உங்களோடத நாளைக்கு எடுத்துருவாங்க."